மூணாம் முளைக் கடா

மே 26, ஞாயிறு

நகைக்கடையில் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது, இன்றைக்குத்தான் எடுத்தேன். யாரையாவது நாலு வார்த்தை திட்டாமல் எனக்குத் தூக்கம் வராது. தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கிற மனுஷனை எவ்வளவுதான் திட்டுவது, அதனால் இதில் எழுதுகிறேன்.

நோன்பு மாதத்தில் வைக்கோல் போரிலிருந்து விழுந்தார் இவர். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழியும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். ஆக, குர்பானிக்கு நிற்கிற பத்து எருமைக் கடாக்களையும் கொழுக்க வைத்து, குறையில்லாமல் ஆட்கள் கையில் ஒப்படைப்பது இந்த வருஷம் சபூராவாகிய என் தலையில்.

கொழுந்தன் ஜாபர் நேற்றும் வந்து தேன் ஒழுகப் பேசினான். “அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்தச் சாணி நாத்தம்? கொட்டகைய நான் பாத்துக்கறேன்.” இவர் கட்டிலிலிருந்து, “இந்தப் பெருநாள் முடியட்டும். இவ எப்படிச் செய்யறான்னு பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். எனக்குப் பரீட்சையாம். கல்யாணமான நாளிலிருந்து இங்கே சாணி அள்ளுகிறவள் நான். கொட்டகை ஜாபர் கைக்குப் போனால் நான் மறுபடியும் அடுப்படிதான். போக மாட்டேன். எழுதி வைத்துவிட்டேன், போக மாட்டேன்.

மே 28, செவ்வாய்

மாங்கூழ் ஃபேக்டரி டிராக்டர் வந்தது. கூழ் பீப்பாய் பீப்பாயாக வெளிநாட்டுக்குப் போகும். தோலும் சக்கையும் எங்கள் கொட்டகைக்கு வரும். மாதையன்தான் டிரைவர். கொட்டிவிட்டு வழக்கம்போல, “பாயம்மா, ஃபேக்டரியில மனுசங்களுக்குக்கூட இவ்ளோ இனிப்பு குடுக்க மாட்டாங்க” என்றார்.

வேலைக்காரர் திம்மராயனும் நானும் கொட்டை ஒன்று விடாமல் பொறுக்கினோம். மாங்கொட்டை தொண்டையில் சிக்கினால் கடா போச்சு. தோலை நிழலில் பரப்பி வாட விட்டோம். இவருடைய சட்டம் இது: முதலில் வைக்கோல், அது உள்ளே போன பிறகு காலையில் ஒரு கூடை, மாலையில் ஒரு கூடை. அதற்கு மேல் கிடையாது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை “அளவு, அளவு” என்கிறார். காது புளித்துவிட்டது.

மாலையில் கடாக்களைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டினோம். இவர் கட்டில் பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் அந்தச் சிமெண்ட் பாதை. தலையைக்கூடத் திருப்பாமல், “இன்னைக்கு ஏழாம் முளை முன்னாடி போகுதே, என்ன சங்கதி?” என்றார். எட்டிப் பார்த்தேன். ஏழாம் முளைதான். கண் இருக்கிற நான் கவனிக்கவில்லை, காதால் பார்க்கிறார் மனுஷன்.

எங்கள் கொட்டகையில் கடாவுக்குப் பேர் கிடையாது. அறுக்கப் போகிற உயிருக்குப் பேர் வைக்காதே என்பார் இவர். கட்டியிருக்கிற முளைதான் அடையாளம்.

மே 30, வியாழன்

மூணாம் முளைக் கடாவின் பங்குதாரர்கள் வந்தார்கள். ஒரு எருமையில் ஏழு பேர் பங்கு சேரலாம். ஏழு பேரையும் சேர்த்துவிட்டது ஜாபர். அவர்களுக்குத் தலைவர் மாதிரி மளிகைக்கடை உஸ்மான் பாய். பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். மூன்று தடவை நடக்க விட்டார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு பார்க்கவில்லை. “இலியாஸ் பாய் கொட்டகைன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம்” என்று கடைசியில் இவர் பேரைச் சொல்லிப் புகழ்ந்தார். கண்ணை எங்கே மூடினார்?

ஏழாவது பங்கு பல்கீஸ். தெருக்கோடியில் நைட்டி தைக்கிறவள். முதல் தடவையாகக் குர்பானி கொடுக்கிறாள். கடாவைத் தொடக்கூடப் பயந்து தள்ளி நின்றாள். என்னிடம் தனியாக வந்து, “அக்கா, அறுக்கறப்ப ஏழு பேர் பேரையும் படிப்பாங்களாமே. என் பேரையும் சத்தமா படிப்பாங்கதானே?” என்று கேட்டாள். படிக்காமல் என்ன, படிப்பார்கள் என்றேன்.

கடைசி முளைக் கடா எங்களுடையது. வழக்கமாக ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வோம். உயிர் பிழைத்ததற்கு நன்றியாக இந்த வருஷம் முழுக் கடாவும் நம் வீட்டுப் பேரில் கொடுக்கலாம் என்று இவர் நினைத்திருக்கிறார்.

மே 31, வெள்ளி

ஃபேக்டரியில் பாய்லர் பழுது. தோல் வராது.

ஜூன் 2, ஞாயிறு

இன்றும் வரவில்லை. வெறும் வைக்கோலும் கொஞ்சம் தவிடும். டிராக்டர் சத்தம் எங்கே கேட்டாலும் பத்துத் தலையும் திரும்புகிறது. மூணாம் முளையின் விலா எலும்பு தெரிகிற மாதிரி இருக்கிறது. இவரிடம் சொன்னால், “ஒண்ணும் ஆகாது” என்கிறார். உஸ்மான் பாய் வந்து பார்த்தால் யாரைச் சொல்வார்? என்னைத்தானே.

ஜூன் 3, திங்கள்

அல்ஹம்துலில்லாஹ், மதியம் மாதையன் வண்டி வந்தது. அல்போன்சா தோல், வாசனை தெரு முழுக்க. திம்மராயன் ஊர்ப் பண்டிகைக்குப் போயிருக்கிறார், நானேதான் அள்ளிப் போட்டேன். பாவம், ஏங்கிப் போயிருந்தன. வாயில்லாத ஜீவன் வயிறு நிறையத் தின்னட்டும் என்று போட்டேன். மூணாம் முளை தன்னுடையதைத் தின்றுவிட்டுப் பக்கத்துத் தொட்டியையும் நக்கியது. பார்க்கவே ஆசையாக இருந்தது, இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

“வைக்கோல் போட்டியா முதல்ல?” என்று உள்ளேயிருந்து கேட்டார். போட்டேன் என்றேன். காலையில் போட்டதும் போட்டதுதானே.

ஜூன் 4, செவ்வாய்

மூணாம் முளை எழுந்திருக்கவில்லை. வயிறு இடப்பக்கம் பொம்மென்று இருக்கிறது. அசை போடவில்லை. எழுப்பினால் குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது, தண்ணியாகக் கழிகிறது.

கால்நடை டாக்டரம்மா வந்து சோடா உப்பைக் கரைத்து வாயில் ஊற்றச் சொன்னார். ஊசியும் போட்டார். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது என்று துருவித் துருவிக் கேட்டார். சொன்னேன். போகும்போது, “இன்னும் ரெண்டு வாரம் குளம்பத் தொட்டுத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உடனே கூப்பிடுங்க” என்றார். வயிற்று வலிக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தமோ, அவசரத்தில் கேட்கத் தோன்றவில்லை.

இவரிடம், லேசாகக் கழிச்சல், சரியாகிவிட்டது என்று சொன்னேன்.

ஜூன் 5, புதன்

மூணாம் முளை எழுந்துவிட்டது. நாலு வாய் வைக்கோல் தின்றது. ரெண்டு ரக்அத் தொழுதேன்.

திம்மராயன் ஊரிலிருந்து வந்து, “என்னாச்சு பாயம்மா? லோடு கெட்டுப்போச்சா?” என்றார். பாய்லர் பழுதான மூன்று நாளும் தோல் எங்கே கிடந்ததோ, யார் கண்டது? மாதையன் வந்ததும் நன்றாகக் கேட்டுவிட்டேன். “புளிச்சதக் கொண்டாந்து கொட்டிட்டு இனிப்பு கினிப்புன்னு பேச்சு வேற. இனிமே உங்க வண்டி இந்தப் பக்கம் வர வேணாம்” என்றேன். அவர், “அன்னைக்குக் காலையில மெஷின்ல ஓட்டின தோலு பாயம்மா, சூடுகூட ஆறல” என்றார். நான் கதவைச் சாத்தினேன். மத்த ஒன்பதுக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ.

ஜூன் 7, வெள்ளி

பிறை தெரிந்தது. பெருநாள் பதினேழாம் தேதி. இன்று முதல் குர்பானி கொடுக்கிறவர்கள் நகம் வெட்டக் கூடாது, முடி எடுக்கக் கூடாது. இவர் ஏற்கெனவே தாடியும் மீசையுமாகச் சாமியார் மாதிரிதான் இருக்கிறார்.

ஜூன் 9, ஞாயிறு

மூணாம் முளை முன்னங்காலை மாற்றி மாற்றி வைக்கிறது. ஈ கடித்திருக்கும்.

ஜூன் 10, திங்கள்

ஈ இல்லை. நடக்கும்போது தலையை ஆட்டி ஆட்டி, வலது முன்னங்காலை ஊன்றாமல் எடுக்கிறது. குளம்பு கொஞ்சம் நீளமாகத்தான் தெரிந்தது. திம்மராயனைச் செதுக்கச் சொன்னேன். அவர் கத்தியோடு உட்காரும்போது ஜாபர் வந்து தடுத்தான். “என்ன அண்ணி, பிறை பாத்தாச்சு, இப்பப் போயி நகம் வெட்டறீங்க? அதுவும் குர்பானி கடாவுக்கு!” ஆமாம், நகம் நகம்தானே. திம்மராயன் கத்தியை மடக்கிவிட்டார். ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. செதுக்க உட்கார்ந்தால் குளம்பைத் தொட வேண்டும்.

தண்ணீருக்கு ஓட்டிப் போனபோது இவர் உள்ளேயிருந்து, “எல்லாம் நல்லா நடக்குதா?” என்று கேட்டார்.

“நடக்குது” என்றேன்.

ஜூன் 11, செவ்வாய்

மூணாம் முளைக்கு இருக்கிற இடத்திலேயே வாளியில் தண்ணீர் வைத்தேன். வெயில் கொளுத்துகிறது, எதற்கு நடக்க விட வேண்டும்?

இவர் கஞ்சி குடித்து முடித்த பிறகு, “ஒம்போதுதான் போச்சு” என்றார். வெயிலுக்காக ஒன்றைக் கொட்டகையிலேயே வைத்தேன் என்றேன். “ம்” என்றார். அந்த ஒரு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பொழுது சாயும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, புதன்

குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அறையில் இவர் இருந்ததால் புழக்கடைக்குப் போய்ப் பேசினேன். அன்றைக்கு ஒரேயடியாக அதிகமாகத் தின்றதன் விளைவு இது என்றார். வயிற்றில் புளித்தது ரத்தத்தில் ஏறிக் குளம்புக்கு வருமாம். ஆற மாதக்கணக்காகும், மெத்தென்ற மண்ணில் கட்டுங்கள், நடக்க விடாதீர்கள் என்றார். பெருநாளைக்கு நடக்குமா என்று கேட்டேன். “நடக்காதும்மா” என்றார்.

ஒரு வண்டி மணலைக் கொட்டி அதன்மேல் கட்டினோம்.

ஜூன் 13, வியாழன்

உஸ்மான் பாய் பேரனோடு வந்தார். நல்லவேளை, கடா படுத்திருந்தது. “எழுப்பும்மா, ஒரு நடை பாக்கலாம்” என்றார். “அசை போடறப்ப எழுப்பினா தின்னது உடம்புல ஒட்டாது பாய்” என்றேன். எங்கிருந்து வந்தது இந்தப் பொய்? அவர் நம்பித் தலையாட்டினார். மணலைப் பார்த்து, “பாரு, மெத்தை போட்டு வளக்கறாங்க” என்று பேரனிடம் பெருமையாகச் சொன்னார்.

அவர் போனதும் பல்கீஸ் வந்தாள். இப்போது தினமும் வருகிறாள். பயம் தெளிந்து கையில் அகத்திக்கீரை ஊட்டுகிறாள். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கடாவின் கண்ணே ஞாபகத்துக்கு வருகிறதாம். “அறுக்கறப்ப நான் அழுதா தப்பாக்கா?” என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். பால் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

பள்ளிவாசல் அஜ்ரத் வீட்டுக்குப் போனேன். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தெரிந்தவர்கள் கேட்கச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன். கடாவின் குளம்பைச் செதுக்கலாமா என்றதும் அவர் சிரித்துவிட்டார். “நகம் வெட்டக் கூடாதுங்கறது குர்பானி குடுக்கற மனுசனுக்கும்மா. கடாவுக்கு யாரு சொன்னா? அது என்ன, தானா பங்கு சேந்திருக்கா?” அவர் வீட்டம்மாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு நாள் போயிற்று.

அப்படியே பேச்சோடு பேச்சாக, நொண்டினால் என்ன என்று கேட்டேன். அறுக்கிற இடத்துக்குத் தன் காலால் நடந்து வர முடியாத அளவுக்கு நொண்டுவது குர்பானிக்கு ஆகாது என்றார். தெரிந்தே கொடுத்தால்? “ஏழு பேரு சேந்திருந்தா ஏழு பேரோட குர்பானியும் நிறைவேறாதும்மா” என்றார். வரும் வழியெல்லாம் வெயிலே தெரியவில்லை.

கடைசி முளையில் எங்கள் கடா இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. அதைக் கொடுக்க வேண்டுமானால் இவரிடம் ஏன் என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 15, சனி

ஜாபரிடம் சொன்னேன், கால் சரியில்லை என்று மட்டும். முகம் செத்துப்போயிற்று. ஆள் சேர்த்தவன் அவன், ஊர் அவனையும் கேட்கும். குரலைத் தாழ்த்தி, “எனக்குத் தெரிஞ்ச கம்பவுண்டர் இருக்காரு அண்ணி. காலையில ஒரு ஊசி. மதியம் வரைக்கும் குதிர மாதிரி நடக்கும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்” என்றான்.

வாயை மூடு என்றேன். அதை இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

அரஃபா நோன்பு. ஜாபர் வந்தான். கூட ஒருவர் வந்தார். கொட்டகையைப் பார்த்தார். போனார்.

பல்கீஸ் கைநிறைய மருதாணி வைத்துக்கொண்டு வந்து காட்டினாள்.

இவர் நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “சபூரா, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார். கஞ்சிக்கு உப்பு போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

ஜூன் 17, திங்கள், காலை

பெருநாள். மூணாம் முளை நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது.

அன்றே, இரவு

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதாவிட்டாலும் தூக்கம் வரப்போவதில்லை.

தொழுகை முடிந்து ஏழு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பல்கீஸ் மட்டும் பெண்ணானதால் கொஞ்சம் தள்ளி, புதுச் சேலையில், முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். திம்மராயன் மூணாம் முளையை அவிழ்த்தார். வாசலுக்குப் போக அந்தச் சிமெண்ட் பாதை ஒன்றுதான் வழி. நான் இவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

டக், டக், டக் என்று ஒரே சீராகக் குளம்புச் சத்தம் ஜன்னலை ஒட்டிப் போயிற்று. இவர் ஒரு கையைச் சட்டைக்குள் விட்டபடி அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் தாண்டியதும் என் முகத்தைப் பார்த்தார்.

“ஊசி எப்பப் போட்டீங்க?”

நான் சட்டையின் இன்னொரு கையை விரித்துப் பிடித்தேன், அவர் கையை நுழைக்கவில்லை.

“பத்தாம் தேதி சாயங்காலமே நொண்டறது கேட்டுச்சு. மறுநாள் நீ அத இந்தப் பக்கமே கொண்டாரல. அன்னையிலிருந்து நீயே சொல்லுவன்னு பாத்துட்டிருக்கேன். நேத்து வாயத் தொறந்து கேட்டும் பாத்தேன்.”

“தெரிஞ்சுதான் பேசாம இருந்தீங்களா?” என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “ஏன், கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே! என்னைய இப்படி வேடிக்க பாக்கணுமா?”

“கேட்டிருக்கணும்” என்றார். “கொட்டகைய உங்கிட்டக் குடுத்துட்டேன்னு நினைச்சேன். அதான் கேக்கல. என் தப்புதான்.”

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அழுகை வந்தது. கூடையெல்லாம் கணக்கில்லாமல் அள்ளிப் போட்டதை, வைக்கோல் போடாததை, மாதையனைத் திட்டி அனுப்பியதை எல்லாம் சொன்னேன். சட்டையின் இன்னொரு கை தொங்கிக்கொண்டே இருந்தது.

“வெளிய ஏழு பேரு நிக்கறாங்க” என்றார். “நான் எந்திரிச்சுப் போக முடியாது. நம்ம கடாவக் குடு. நாளைக்கு ஒரு ஆடு பாத்துக்கலாம், குர்பானிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

“என்னான்னு சொல்லட்டும்?”

“அது உன் இஷ்டம்.”

ஜாபர் கயிற்றைக் கையில் வாங்கிவிட்டான். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். கால் வழுக்கிவிட்டது, முள் குத்திவிட்டது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பல்கீஸின் மருதாணிக் கையைப் பார்த்துவிட்டேன். “இந்தக் கடாவுக்குக் கால் இல்ல பாய். காலையில ஊசி போட்டிருக்கு, அதான் நடக்குது. ஒரே நாள்ல நான்தான் அளவில்லாம மாந்தோலப் போட்டுக் கெடுத்தேன். எங்க வீட்டுக்கு வச்சிருக்கறதத் தர்றேன்” என்றேன். ஜாபர் தரையைப் பார்த்தான்.

உஸ்மான் பாய், “அன்னைக்கு அசை போடுதுன்னு எழுப்பவிடலயே?” என்றார். ஆமாம் பாய் என்றேன். என் பேரனிடம் பெருமையாகச் சொன்னேனே என்றார், அவ்வளவுதான். கடைசி முளைக் கடாவைக் கொண்டுவரச் சொல்லி, பல், காது, வால் எல்லாம் பார்த்து, மூன்று தடவை நடக்க விட்டார். கூட்டிப் போனார்கள். “அடுத்த வருசம் பாக்கலாம்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பல்கீஸ் மட்டும் நின்றாள். எழுந்து நிற்கிற கடாவின் நெற்றியைத் தடவினாள். “நான் அகத்திக்கீரை குடுத்ததாலயாக்கா?” என்று கேட்டாள். பத்து நாளாக ஊர் மேல் எல்லாம் பழி போட்டிருக்கிறேன், அந்தப் பிள்ளை கீரையின் மேல் போட்டுக்கொள்கிறது. “இல்லம்மா. நான்தான்” என்றேன். மதரசா மைதானத்தில் பேர் படிப்பது ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்ததும் அவள் ஓடினாள். ஏழாவதாக அவள் பேர் வந்தது. தெருவுக்கே கேட்டது.

பொழுது சாயும்போது ஊசியின் வேகம் போய், மூணாம் முளை மணலில் படுத்துக்கொண்டு முனகியது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

ஒரு ஆடு கொடுத்தோம்.

ஜூன் 20, வியாழன்

கொட்டகையில் மூணாம் முளை தவிர எல்லாம் போய்விட்டது. ஊசி போட்டது, யாரும் தொட மாட்டார்கள். ஆறட்டும்.

மாதையன் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்று, லோடில் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் மதியம் டிராக்டர் வந்தது. இனிப்பைப் பற்றி ஒன்றும் பேசாமல் கொட்டிவிட்டுப் போனார்.

ஜாபரும் வந்தான். கொட்டகையைப் பற்றி இவரிடம் இழுத்தான். இவர், “எங்கிட்ட ஏன் கேக்கற? கொட்டகைக்காரிகிட்டக் கேளு” என்றார். என்னிடம் அவன் கேட்கவில்லை. அடுத்த வருஷம் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியவில்லை. வெறும் முளைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.

மாலையில் வைக்கோல் போட்டேன். அது தின்று முடித்த பிறகு ஒரு கூடை தோல். மறுபடி என் முகத்தைப் பார்த்தது. கிடையாது என்றேன். டாக்டரம்மா இன்று கொஞ்சமாக நடக்கவிடச் சொல்லியிருந்தார். தொட்டிவரை மெதுவாகப் பிடித்துக்கொண்டு போனேன். ஜன்னலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யாரு போறது?”

தெரியாமலா கேட்கிறார். கொட்டகையில் வேறு யார் இருக்கிறார்கள்?

“மூணாம் முளை” என்றேன்.

“நல்லா நடக்குதா?”

“இல்லங்க” என்றேன். “நொண்டுது.”